சுவரை விட்டுக் கழன்ற செல்

"கட்டுரையில என் பேருதான் சார் முதல்ல வரணும்." பேராசிரியரிடம் கேட்கவே கூடாதென்று சீனியர்கள் சொல்லிவைத்ததை இசக்கியம்மாள் கேட்டேவிட்டாள். கிருமி புகுந்த குடல் செல் சும்மா சாவதில்லை, புரதத்தைக் கொட்டிப் பக்கத்துச் செல்களை உஷார்படுத்திவிட்டுத்தான் குடல் சுவரை விட்டுக் கழல்கிறது என்பதை மூன்று வருடம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக் கண்டுபிடித்தவள் அவள்தான்.

பேராசிரியர் சிரித்தார். "உங்க வீட்டுலயே நீதான் முதல் பட்டதாரி. உனக்கு மூணாவது பேரே பெருசும்மா."

"வீட்டுல முதல்னா இங்கயும் முதல்தான் சார்."

தன் ஆய்வுக்கு வேறு கைடு கேட்டுக் காலையிலேயே கையெழுத்துப் போட்டிருந்த விண்ணப்பத்தை மேசையில் வைத்தாள். வெளியே அவரிடமே ஆய்வு செய்யும் நான்கு ஜூனியர் பெண்களும் வேலையை விட்டுவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"லெட்டரை குரூப்புல போட்டிருக்கேன். பேரை மட்டும் மாத்திக்கங்கடி" என்று வெளியே வந்து அவர்களிடம் சொன்னவள், வெள்ளைக் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு சீட்டியடித்தபடி படியிறங்கினாள்.