விட்டுப்போன ஒன்றரை வரி

பக்கத்து இருக்கை காலி.

கைப்பையை அதன்மேல் வைத்திருந்தாள்.

விளக்கு அணையும் நேரத்தில் ஒருவர் குனிந்து, "ஆள் வர்றாங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்துப் பையை மடிக்கு எடுத்துக்கொண்டாள்.

ஹெப்சிபா வரமாட்டாள். அதை அவள் அப்போதுதான் தனக்குள் ஒப்புக்கொண்டாள்.

மேடையில் நியான் நால்வர் வந்து நின்றார்கள்.

நிஜ நால்வர் இல்லை. நாற்பது வருடத்துக்கு முன்னால் தமிழில் டிஸ்கோ பாடிய நால்வரில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்ச இரண்டு பேர் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. இவர்கள் நாடகக்காரர்கள். பழைய பாட்டுகளை எடுத்து, நடுநடுவே ஒரு காதல் கதையைச் செருகி, நால்வரின் வரலாறு என்று போஸ்டர் ஒட்டியிருந்தார்கள்.

அந்தக் காதல் கதையால்தான் அவளுக்கும் ஹெப்சிபாவுக்கும் சண்டையே வந்தது.

விளம்பரம் பார்த்த அன்றே அவள் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாள். ஹெப்சிபாவைக் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? பாளையங்கோட்டை ஹாஸ்டலில் நால்வரின் படத்தை அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வைத்து, வார்டனுக்குப் பயந்து பயந்து ஆடியவர்கள் இருவரும். கல்யாணம், பிள்ளைகள், சென்னை என்று ஆன பிறகும் ஒரு நாளும் போனில் பேசாமல் இருந்ததில்லை.

ஹெப்சிபா போனில் பொரிந்து தள்ளினாள். அந்த நால்வருக்குள் காதலும் கிடையாது, கத்தரிக்காயும் கிடையாது, செத்தவர்கள் எழுந்து வந்தா மறுக்கப் போகிறார்கள் என்றாள்.

இவள் சும்மா இருந்திருக்கலாம். நீ என்ன அவங்களுக்கு வாட்ச்மேனா என்று கேட்டுத் தொலைத்தாள்.

அதோடு போன் நின்றது.

மாதம் இரண்டு ஆகிவிட்டது. நடுவில் அவளுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். கணவரிடம் சொன்னாள். அவர் "ம்" என்றார். ஹெப்சிபாவாக இருந்தால் அந்தப் பல்லைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருப்பாள்.

மேடையில் பெல்பாட்டம் சரியாகத்தான் இருந்தது. விக் சகிக்கவில்லை. டிரம்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்தது. பாடகி வேடம் போட்ட பெண் நிஜப் பாடகியைவிட நன்றாகவே பாடினாள். அதுதான் பொறுக்கவில்லை. நிஜக்காரிக்கு மேலே போகும்போது குரல் லேசாகக் கிழியும். அந்தக் கிழிசலுக்காகத்தான் அந்தக் காலத்தில் தோழிகள் இருவரும் உயிரை விட்டார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்தவர் பாட்டுக்குப் பாட்டு "கெடுத்துட்டான்" என்று முனகினார். பாட்டு முடிந்ததும் முதல் ஆளாகக் கைதட்டினார்.

அவளுக்கும் அதே கதைதான். மனசு முகத்தைச் சுளித்தது. கால் பாட்டுக்குத் தாளம் போட்டது. இதைச் சொன்னால் புரிந்துகொள்ள உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். அவளையும் தொலைத்தாயிற்று.

'சுத்து சுத்து ராத்திரியே' ஆரம்பித்தது.

நரைத்த தலைகள் எழுந்து நின்றன. அவளும் எழுந்தாள். வெட்கத்தை விட்டுப் பல்லவியைக் கத்திப் பாடினாள். முதல் சரணத்தையும் பாடினாள்.

இரண்டாம் சரணத்தின் நடுவில் சட்டென்று பல்லவிக்குத் தாவினாள்.

தனியாக. சத்தமாக.

முன்வரிசை திரும்பிப் பார்த்தது. மேடையில் அந்தப் பெண் இன்னும் சரணத்தில்தான் இருந்தாள்.

தப்பு கேசட்டுடையது. ஹாஸ்டலில் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு கேசட். ஹெப்சிபாவின் அண்ணன் கடையில் கொடுத்துப் பதிவு செய்து வாங்கி வந்தது. கடைக்காரரின் இசைத்தட்டில் கீறல் இருந்திருக்க வேண்டும். ஊசி அந்த இடத்தில் எகிறி, ஒன்றரை வரியை விழுங்கிவிட்டுப் பல்லவியில் போய் விழும். பாட்டே அப்படித்தான் என்று நினைத்தார்கள். பின்னால் முழுப்பாட்டையும் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. வாய் மட்டும் திருந்தவே இல்லை.

முகம் சுட்டது. உட்காரப் போனாள்.

அப்போதுதான் காதில் விழுந்தது.

மேலே, பால்கனியில், இன்னொரு குரலும் பல்லவியில் இருந்தது. சுருதி சேராமல். அவளைவிடச் சத்தமாக.

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஹெப்சிபா பாட்டை நிறுத்திவிடுவாள். நின்ற இடத்திலேயே நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பாடினாள்.

மேடைக்காரி சரணத்தை ஒழுங்காக முடித்துப் பல்லவிக்கு வந்து சேர்ந்தபோது, அவர்கள் இருவரும் அதைப் பாடி முடித்திருந்தார்கள்.

இடைவேளை.

பால்கனிப் படியில் ஏறினாள். மூட்டுவலி எங்கே போனதென்று தெரியவில்லை.

ஹெப்சிபா இறங்கி வந்துகொண்டிருந்தாள். அடையாளம் தெரியக் கூடாதென்று முகத்தில் மாஸ்க். இந்தக் காலத்தில்.

அகப்பட்டுக்கொண்டதும் மாஸ்க்கைக் கழற்றினாள்.

"ஏட்டி, நான் ஒண்ணும் ரசிக்க வரல. கடைசி வரைக்கும் இருந்து பாத்தாத்தான முழுசா ஏச முடியும்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. படியிலேயே உட்கார்ந்தாள். ஹெப்சிபாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய ஏச்சு, நாடகத்தின் வசனத்தில் தொடங்கி டைரக்டரின் வீட்டார் வரை போயிற்று.

மணி அடித்தது. கூட்டம் உள்ளே போயிற்று. கதவைச் சாத்தப் போகிறோம் என்று ஒருவர் வந்து சொல்லிப் பார்த்தார்.

உள்ளே பாட்டு தொடங்கியது.

ஹெப்சிபா அப்போதுதான் தன் கண் ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். எந்தக் கண் என்று அவள் கேட்டாள்.