முதுகில் ஒட்டிய அம்பு

பனியன் கம்பெனியில் நதியாவுக்குச் செக்கிங் வேலை. துணியில் ஓட்டையோ கறையோ கண்ணில் பட்டால், அந்த இடத்தில் சின்னதாய் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவாள். அம்பு ஒட்டிய பீஸ் ஏற்றுமதிக்குப் போகாது.

ஊருக்குள் புதுக் காய்ச்சல் வந்த வாரம், திங்கட்கிழமை டெய்லர் வீரணனின் சட்டை முதுகில் ஓர் அம்பு ஒட்டியிருந்தது. மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை. வியாழக்கிழமை அடக்கம் செய்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கூட வேலை செய்யும் விஜயராணியின் முதுகில் ஓர் அம்பு இருந்தது. சனிக்கிழமை அவளும் வரவில்லை. அதற்குப் பிறகு ஆட்கள் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டே வேலை செய்தார்கள்.

"கம்பெனிக்குள்ள ஸ்டிக்கர் ஒட்டாத துணி ஏதுங்க? காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் ஆஸ்பத்திரிக்காரங்க கெளப்பி உடறது" என்றார் சூப்பர்வைசர் செல்லமுத்து. நதியாவின் மேசையிலிருந்து ஓர் அம்பை உரித்துத் தன் நெஞ்சிலேயே ஒட்டிக்கொண்டார். "எனக்கு என்ன ஆகுதுன்னு பாருங்க."

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் அவர்தான் வந்து நின்றார், கல்லுக்குண்டாட்டம். நதியாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் மகளைக் குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றினாள். வெற்று முதுகில் ஒரு சிவப்பு அம்பு. தன் சேலையிலிருந்துதான் ஒட்டியிருக்கும் என்று நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். ஓரம் தட்டுப்படவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தோல்தான் சிவந்தது.

வெளியே சித்திரை வெயில் இன்னும் தாழவில்லை. வெந்நீரை மொண்டு மொண்டு ஊற்றினாள்.

"குளிருதும்மா" என்றாள் மகள்.