முழுக்கதையும் கேட்டவர்

"சின்ன வயசுலேயே சினிமாப் பைத்தியம் சார். விளக்கை அணைச்சுட்டு, டார்ச் வெளிச்சத்துல கைநிழலாலேயே தெருப் பசங்களுக்குப் படம் காட்டுவேன். அப்பாதான் பிடிவாதமா வேற படிப்புல தள்ளிட்டார்."

தயாரிப்பாளர் நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாட்டு, சண்டை எதுவும் கிடையாது சார். ஒரே அறை, ரெண்டே பேர். ஒருத்தன் பேசிக்கிட்டே இருப்பான், இன்னொருத்தன் கேட்டே ஆகணும். வலிதான் சார் படமே!"

தயாரிப்பாளரின் கண்களில் நீர் திரண்டது.

"பார்த்தீங்களா, உங்களுக்கே அழுகை வருது! மத்த தயாரிப்பாளருங்க அஞ்சு நிமிஷத்துல எழுந்து போயிடுவாங்க. நீங்கதான் திறந்த வாய் மூடாம கேக்கறீங்க."

தயாரிப்பாளர் "ஆ... ஆ..." என்று கையை உயர்த்தினார்.

"சந்தேகமெல்லாம் கடைசியில கேளுங்க சார்" என்று அந்தக் கையை மெல்ல இறக்கிவிட்டான்.

பக்கத்தில் நின்ற நர்ஸுக்குப் பொறுக்கவில்லை.

"டாக்டர், சொத்தைப் பல்லை அடைச்சு எவ்வளவு நேரமாச்சு! அவர் வாயை மூட முடியாம வெச்ச கட்டையை இன்னும் எடுக்கலையே?"

டாக்டர் அசடு வழிந்தபடி கட்டையை எடுத்தான்.

"இடைவேளை சார். வாய் கொப்பளிச்சுக்கோங்க. ரெண்டாம் பாதிக்குப் பக்கத்துப் பல்லைப் பார்த்து வெச்சிருக்கேன்."