ரேடியோக்காரர் சொன்னால் சரி

"மேஸ்திரி, தலை சுத்துது. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்றாள் அன்னக்கிளி.

கண்டனூரில் ஒரு மாடிச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. மேஸ்திரி பாண்டீஸ்வரன் இரங்கவில்லை.

"சோத்து நேரத்துக்கு எறங்குனாப் போதும். கல்லைத் தூக்கு தாயி."

அவர் காது முழுக்க ரேடியோவில் இருந்தது. உள்ளூர் எஃப்.எம். அறிவிப்பாளர் என்றால் அவருக்கு உயிர்.

பாட்டு முடிந்தது.

"மணி பதினொன்னு. ஸ்டூடியோ ஜன்னல் வழியா இப்பத்தான் எட்டிப் பாத்தேன், வெயில் மண்டையப் பொளக்குது. கட்டட வேலையில இருக்கவுகளே, பத்து நிமிசம் நிழல்ல உக்காருங்க. மேஸ்திரிமாரே, நீங்களுந்தான்!"

பாண்டீஸ்வரன் சிரித்தபடி சாந்துக் கரண்டியைக் கீழே வைத்தார். "அவுகளே சொல்லிட்டாக. எல்லாரும் உக்காருங்கப்பா."

அன்னக்கிளி ஒரு செம்புத் தண்ணீர் முழுதையும் குடித்து முடித்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த கருத்தையாவிடம் கேட்டாள். அவன் இன்றுதான் கலவை போட வந்தவன்.

"ஏசியில இருக்க மனுசனுக்கு நம்ம தாகம் எப்படிண்ணே தெரியுது? நாளைக்கும் சொல்லுவாரா?"

சிமெண்டுத் தூசிக்காகக் காலையிலிருந்து வாயைக் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான் கருத்தையா. ரேடியோவில் கேட்ட அதே குரலில், மேஸ்திரிக்குக் கேட்காமல் சொன்னான்:

"சனிக்கிழமை வரைக்கும் சொல்லுவேன் தாயி. ஞாயித்துக்கிழமையே ஸ்டூடியோவுக்குப் போயி எல்லாத்தையும் பேசிப் பதிஞ்சு வச்சிட்டேன்."