சிவப்பு எரியும்போது

மாமா கம்ப்யூட்டர் கேபினட்டின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்தார். நான்கு திருகாணிகளையும் ஒரு டபராவில் போட்டார்.

உள்ளே முன்பக்கம் மூன்று ஃபேன், பின்னால் ஒன்று. நான்கும் சிவப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

முப்பது நாளாகச் சிவப்பு. பிளக்கைப் பிடுங்கி மறுபடி போட்டாலும் சிவப்பாகவே எழுந்தது. கடைசியாக வைத்த நிறத்தை அது மறப்பதில்லை.

நேற்று என் மனைவி ஜான்சிக்கு முப்பதாம் நாள் பூசை. இன்று காலை மாமா இந்த அறைக்குள் வந்து மானிட்டரைத் துடைத்தார். இந்த நிறத்தையாவது மாற்றிவிடலாமே என்றார். எப்படி மாற்றுவது என்று தெரியாது என்றேன்.

பொய்தான். மதியத்துக்குள் ரிச்சி தெருவுக்குப் போய், விளக்கே இல்லாத கறுப்பு ஃபேன்கள் நான்கு வாங்கி வந்துவிட்டேன்.

ஜான்சி பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் பாடம் பதிவு செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். காலையில் பக்கத்து விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானங்கள் பறந்து ஓய்ந்த பிறகு, மதியம்தான் மைக் முன்னால் உட்காருவாள். சத்தமே வராத ஃபேன்கள் வேண்டும் என்று தேடி வாங்கியவை இவை.

அறைக் கதவின் மேல்பாதி மங்கல் கண்ணாடி. அதில் ஃபேன் வெளிச்சம் பச்சையாகத் தெரிந்தால் உள்ளே போகலாம். சிவப்பு தெரிந்தால் பதிவு ஓடுகிறது. தட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது.

ஒருமுறை சிவப்பைக் கவனிக்காமல் மிக்ஸியைப் போட்டுவிட்டேன். மேம், இன்னைக்கு என்ன சட்னி என்று பிள்ளைகள் கமெண்டில் கேட்டிருந்தார்கள். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதன் பிறகு நான் சிவப்பைத் தாண்டியதில்லை.

அந்த ஏற்பாடு அவள் அப்பாவிடமிருந்து வந்தது. சவுரிமுத்து மாமா முப்பத்திரண்டு வருடம் ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பில் இருந்தவர்.

அவள் இறந்த அன்று நாலரைக்கு வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தேன். அவள் தரையில் கிடந்தாள். எல்லோரிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், மாமாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஆபீஸில் இருந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும் என்று அவரே டாக்டரிடம் சொன்னார்.

இப்போது அவர் கம்ப்யூட்டரை நிறுத்த வேண்டாம் என்றார். எந்த ஒயர் எங்கே போகிறது என்று முதலில் பார்க்க வேண்டுமாம். விரலால் தொடர்ந்து போய், நான்கு ஒயர்களும் சேரும் சின்னப் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இதுக்கு ரிமோட்டு இருக்குமே மாப்ள, எங்க வெச்சீங்க?"

தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம்.

பீரோவிலிருந்து ஆஸ்பத்திரியில் கொடுத்த பாலித்தீன் பையை எடுத்து வந்தேன். கழுத்துச் சங்கிலி, மெட்டி, ரிமோட். ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் அது அவள் கைக்குள்தான் இருந்தது.

மாமா அதைச் சற்று நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார். பிறகு பச்சையை அழுத்தினார். இன்னொரு முறை அழுத்தினார். எதுவும் மாறவில்லை.

செல் தீர்ந்துவிட்டது என்றார்.

ஜான்சி ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்துத் தடவை அழுத்தினால்தான் நிறம் மாறுகிறது, வரும்போது ஒரு செல் வாங்கி வா என்று.

இந்த மாதிரி வட்டச் செல் வீட்டில் இருக்கிறதா என்று மாமா கேட்டார். ஹாலில் என் ஆபீஸ் பை மாட்டியிருக்கிறது, அதன் முன் ஜிப்பில் ஒன்று இருக்கிறது என்றேன். அவரே போனார்.

கடையில் செல் அட்டையோடு பில்லையும் சேர்த்துப் பின் அடித்திருந்தார்கள். அதை மறந்துதான் சொன்னேனா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

மாமா வாசற்படியிலேயே நின்று பில்லைப் படித்தார். தாம்பரம் மேற்கில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் கடை. அவள் இறந்த தேதி. நேரம் 2.50. அங்கிருந்து பீர்க்கன்கரணையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வண்டியில் கால் மணி நேரம்கூட ஆகாது.

அன்று அரை நாள் லீவு போட்டிருந்தேன். மூன்று மணிக்கு மேல் ஐந்து நிமிடம் இருக்கும். கண்ணாடியில் சிவப்பைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஃபோனைச் சைலன்ட்டில் வைத்தேன். ஹாலில் ஃபேன் போடவில்லை. தண்ணீர் குடிக்கக்கூடக் குழாயைத் திறக்கவில்லை. பச்சை வரட்டும் என்று சோபாவில் உட்கார்ந்திருந்தேன். செல் பைக்குள் இருந்தது.

நாலரை வரை.

மாமா அட்டையிலிருந்து பில்லைப் பிய்த்து, நாலாக மடித்து, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்து புதுச் செல்லைப் போட்டார்.

ஒரே ஒரு தடவைதான் அழுத்தினார். நான்கும் பச்சையாயின.

"செகப்பு எரிஞ்சா நின்னுதான் ஆவணும், மாப்ள," என்றார், ஃபேன்களைப் பார்த்தபடி.

பிறகு கட்டிலிலிருந்து கண்ணாடியை எடுத்துப் பொருத்தினார். டபராவிலிருந்து திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து முடுக்கினார். மூன்றாவதில் அவர் கை நின்றுவிட்டது.

மீதியை நான் முடுக்கினேன்.