விரிசல்மேல் கண்ணாடி

பழைய தாலுகா கச்சேரிக் கட்டடத்தின் மேற்குச் சுவரில் இருந்த விரிசலுக்குக் குறுக்காக, பராமரிப்புப் பொறியாளர் தணிகைவேல் ஆறு மாதத்துக்கு முன் விரல் அகலக் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி, அதன்மேல் சிவப்புச் சாயத்தில் தேதி எழுதினார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். "உடஞ்சா அன்னிக்கே சொல்லணும்மா. சுவத்தப் பிரிச்சுதான் கட்டணும். நீங்க ரூமைக் காலி பண்ண வேண்டியிருக்கும்" என்றார். அந்தச் சுவரை ஒட்டிய அறையில்தான் துப்புரவுப் பணியாளர் லூர்தம்மாள், இடுப்புக்குக் கீழே அசைவில்லாத கணவன் சவரிமுத்துவுடன் இருந்தாள். அவர்களுக்குப் போக வேறு இடமில்லை.

மாதாமாதம் வருகிற தணிகைவேல் இன்றும் வந்து கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தார். "கீறல்கூட இல்ல. அந்தக் காலத்துச் சுண்ணாம்புன்னா சும்மாவா? பளபளன்னு வேற வச்சிருக்கீங்க."

"தூசி படியுதுல்ல சார். தொடச்சிருவேன்."

அவர் போன பிறகு, பிற்பகலில், சுவரில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. லூர்தம்மாள் கட்டிலுக்கு அடியிலிருந்து அடுத்த துண்டை எடுத்தாள். அந்தோணியார் படத்துக் கண்ணாடியைக் கடையில் கொடுத்துப் பட்டை பட்டையாக அறுத்து வாங்கியது. படம் இப்போது கண்ணாடி இல்லாமல் தொங்குகிறது. துண்டின்மேல் ஆறு மாதத்துக்கு முந்தைய அதே தேதியை, தணிகைவேலின் கையெழுத்திலேயே எழுதினாள்.

"இது எத்தனாவது?" என்று சவரிமுத்து கேட்டான்.

"நாலு."

"கட்டில இன்னும் ஒரு சாண் தள்ளிப் போடு, லூர்து."

கட்டில் ஏற்கெனவே எதிர்ச்சுவரை ஒட்டிக் கிடந்தது.