விழ மாட்டான்

"ஒரே ஒரு குண்டு, தங்கச்சி. நடு நெஞ்சுல. பொத்துனு விழுந்துடுவான்!"

கைத்துப்பாக்கியைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்பதுபோல ராய்ஸ் கைகளைத் தட்டிக்கொண்டார். ஓக்லஹோமா நெடுஞ்சாலையில், டயர் கடைக்குப் பக்கத்தில் அவருடைய துப்பாக்கிக் கடை.

லுவான் அதைத் தொடத் தயங்கினாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பிரிந்துபோன கணவன் குடித்துவிட்டு வந்து கதவை உதைக்கிறான். கிட்டே வரக்கூடாது என்று கோர்ட்டு போட்ட உத்தரவை அவன் வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

"கொல்லணும்னு எனக்கு ஆசையில்லைங்க. கால்ல சுட்டா போதாதா?"

"அதெல்லாம் சினிமாவுல. ஓடி வர்றவன் காலை எங்க குறி பார்க்கிறது? நெஞ்சுதான் அகலம். ஒண்ணு வெச்சா போதும், ஆள் காலி."

"விழ மாட்டான்."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். தோட்டா அலமாரி ஓரமாக நின்றிருந்த பெண் முன்னால் வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கார்ச் சாவியை முட்டி வெளுக்கப் பிடித்திருந்தாள்.

"என் பேரு வெர்னா. இப்ப இந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களே, அதை என் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை சொல்லுங்க."

ராய்ஸ் சிரித்தார். "ஏம்மா, முப்பது வருஷமா விக்கிறேன். எனக்கே பாடமா?"

"உங்க கடைத் துப்பாக்கிதான். நடு நெஞ்சுலதான் பட்டுச்சு. விழலை."

"அப்ப குறி தப்பியிருக்கும்."

"தப்பலை. நுரையீரலைத் துளைச்சுக்கிட்டுப் போயிருக்குன்னு டாக்டர் என்கிட்ட படம் வெச்சுக் காட்டினாரு."

"அப்ப தோட்டா மட்டமா இருந்திருக்கும்."

"தோட்டாவும் இங்கதான் வாங்கினது!"

ராய்ஸின் முகம் சிவந்தது. "இப்ப என்னம்மா உங்களுக்குக் குறை? குத்துக்கல்லாட்டம் உயிரோட நிக்கிறீங்க. துப்பாக்கி வேலை செஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்?"

"நான் சுட்டேன்னு எப்பங்க சொன்னேன்?"

வெர்னா இன்னும் ஓரடி முன்னால் வந்தாள்.

"சுட்டது கெய்லி. இருபத்தாறு வயசு. இதோ இந்தப் பொண்ணு நிக்கிற இடத்துலதான் நின்னு வாங்கினா. அவளைத் தேடி வந்தவன் திருடன் இல்ல. சர்ச்சுல ஊரைக் கூட்டி மோதிரம் போட்ட புருஷன்காரன்." வெர்னாவின் குரல் உயர்ந்தது. "நீங்க சொன்ன இடத்துல, சொன்ன மாதிரியே ஒண்ணு போட்டா. போட்டுட்டுக் கையை இறக்கிட்டா. விழுவான், விழுவான்னு பார்த்துக்கிட்டே நின்னிருக்கா. பின்வாசல் கதவு திறந்துதான் கிடந்துச்சு. ஓடியிருக்கலாம். மேசைக்குப் பின்னால பதுங்கியிருக்கலாம். நின்னுட்டா!"

"அதுக்கு நானா பொறுப்பு? இதுல அத்தனை தோட்டா எதுக்கு இருக்கு? அவன் அடங்கற வரைக்கும் சுடணும்!"

"அதை அன்னிக்கு அவகிட்ட சொன்னீங்களா?"

ராய்ஸ் பார்வையைத் தோட்டா அலமாரிப் பக்கம் திருப்பினார். வெர்னா தொடர்ந்தாள்.

"இந்தச் சின்னத் துப்பாக்கி போடறது விரல் நுழையற ஓட்டைங்க. ஆளைத் தூக்கி அடிக்காது. வெறி பிடிச்சவனுக்கு அது உறைக்கவே நேரமாகும். அந்த நேரம் அவனுக்குப் போதுமா இருந்துச்சு. துப்பாக்கியைப் பிடுங்கினான். அவ கழுத்தைப் பிடிச்சான். எல்லாத்தையும் முடிச்சுட்டு, நெஞ்சுல குண்டோட வண்டியை ஓட்டிக்கிட்டுப் போனான். குழாயைத் திறந்து கையைக் கழுவினான். குடிக்கத் தண்ணி கேட்டான். அதுக்கப்புறம்தான் சாய்ஞ்சான். அப்பவும் சாகலை. இப்ப ஜெயில்ல வேளாவேளைக்குத் தின்னுக்கிட்டு இருக்கான்."

லுவானின் கை கண்ணாடிப் பெட்டியிலிருந்து தானாக நகர்ந்தது.

ராய்ஸ் விடவில்லை. "கூடவே இருந்து பார்த்த மாதிரி அளக்கிறியேம்மா! அவன் கை கழுவினது, தண்ணி கேட்டதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? வியாபார நேரத்துல வந்து கதை விடறியா?"

லுவானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாணவர்கள் பேருந்தில் சண்டை போட்டால் அதட்டுகிற குரல் அவளை அறியாமல் வெளிவந்தது.

"வாயை மூடுங்க! பெத்த வயிறு எரிஞ்சு நிக்கிறவங்ககிட்ட பேசற பேச்சா இது? நீங்க சொன்னதை நம்பித்தானே அந்தப் பொண்ணு நின்னா? நானும் நம்பித்தான் இருந்திருப்பேன்! ஒண்ணு போதும், ஒண்ணு போதும்னு எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கீங்க? உங்களுக்கு ராத்திரி தூக்கம் வருதா?"

ராய்ஸ் துப்பாக்கியை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினார்.

வெர்னாவால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. லுவான் அவளைத் தோளோடு அணைத்து, கடை வாசலிலிருந்த பெஞ்சுக்குக் கூட்டிவந்து உட்கார வைத்தாள். வெயில் கொளுத்தியது. நெடுஞ்சாலையில் லாரிகள் இரைந்துகொண்டு போயின.

"அழுதுடுங்கக்கா. அடக்காதீங்க. அந்தப் பாவியை நினைச்சா எனக்கே ரத்தம் கொதிக்குது. பெத்தவங்க உங்களுக்கு எப்படி இருக்கும்? ஒரே மகளா?"

வெர்னா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"மக இல்லம்மா. மருமக."